பால்வாடி டீச்சருக்குப் பாடம் சொல்லித்தர யார் காசு கொடுப்பது?



முன்வரிசையில் அங்கன்வாடிப் பணியாளர்கள் நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மாலையையும் வீட்டுக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. பின்னால் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி உங்களுக்குப் புதிதாக இருக்கும். முன்வரிசைக்கு அது பழைய கதை. அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆவதற்கு என்ன வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அதே பள்ளி வளாகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி இருக்கிறது. அங்கே மூன்று வயதுக் குழந்தையை அம்மா இடுப்பிலிருந்து வாங்கி உட்கார வைக்கிறவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குழந்தையைப் பற்றி அவர் எதையாவது முறையாகப் படிக்க வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்த பிறகு அரசு சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால், முன்பிருந்த டீச்சர் விட்டுப்போன பதிவேடுகளைப் புரட்டி அவரே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 2002-இல் வந்த 86-வது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை 45-வது கூற்றில் வைத்தது. அது அரசு முயல வேண்டும் என்று சொல்லும் பகுதி. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். நாலு வயதுப் பிள்ளையின் டீச்சருக்குப் பயிற்சி இல்லையென்று எந்த வாசலில் போய் நிற்பது? கட்டாயம் இல்லாத செலவுக்கு நிதித்துறை எப்படிப் பணம் ஒதுக்கும் என்று, ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும்.

சின்னக் குழந்தையின் ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது இந்த நாட்டுக்குத் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அருண்டேல் அழைத்ததன்பேரில் வந்தவர், அடையாறில் பயிற்சி வகுப்பு நடத்தினார். முதல் வகுப்புக்கே ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்ப நினைத்தவர், இத்தாலியும் போரில் இறங்கியதால் ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். ஆனால் அது பெரும்பாலும் வசதியும் வாய்ப்பும் உள்ளவர்கள் வந்து சேர்ந்த பயிற்சி. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா, அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் இருவரும் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். மோடக், மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பிறகு கோஸ்பாட்டிலும் ஆதிவாசிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கேயே கிடைக்கும் கூழாங்கல், விதை, இலை இவற்றை வைத்துச் சொல்லித்தர உள்ளூர்ப் பெண்களைத் தயார்செய்தார். இன்று நம் அங்கன்வாடிகளில் புளியங்கொட்டையை எண்ணிப் பழகும் குழந்தைகள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

மத்திய அரசு பள்ளிக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய மினா சுவாமிநாதன் தலைமையில் அமைத்த குழு 1972-இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் பயிற்சியை ஓரமாக வைக்கவில்லை. பணியாளருக்குத் தனிப் பயிற்சி மையம், மேற்பார்வையாளருக்கு இடைநிலைப் பயிற்சி மையம், இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு தேசிய நிறுவனம் என்று படிப்படியாக ஏற்பாடு செய்தார்கள். தொடக்க ஆண்டுகளில் பணியாளர் பயிற்சி மூன்று மாதம். கிராமத்துப் பெண்கள் மையத்திலேயே தங்கிப் படித்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைவிடக் கூர்மையான ஒரு முயற்சி நடந்தது. இன்றைய மாணவர்கள் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் நடந்தது. எல்லாக் குழந்தைக்கும் உணவு கொடுப்பது அதன் வழியல்ல. மாதம்தோறும் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் இணை உணவு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு உணவு, யாருக்கு இல்லை என்பது ஊர்ப் பெண் ஒருவர் தராசைச் சரியாகப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்து இருந்தது. அதனால் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியே தீரவேண்டிய நிலை. ஏறக்குறைய பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், வட்டாரத்துக்கு ஒரு பயிற்சியாளர் என்று வைத்தார்கள். பணியாளர் தவறு செய்தால் அடுத்த வாரமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் இருந்தது. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததற்கு அதுவும் காரணம் என்று திட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில், 1982-இல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதை எல்லோருக்கும் தெரியும். சோறு போடுவது கண்ணுக்குத் தெரியும். எடை பார்க்கச் சொல்லித்தருவது தெரியாது.

எடை பார்ப்பதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் நினைக்கலாம். சொல்கிறேன். தொங்கும் தராசை உத்தரத்தில் மாட்டியதும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையை உட்கார வைக்கும் துணித்தொட்டிலை மாட்டிய பிறகு மறுபடியும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் தொட்டிலின் எடையும் குழந்தைக் கணக்கில் சேர்ந்துவிடும். குழந்தையின் ஸ்வெட்டர், வெள்ளி அரைஞாண், தண்டை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னால் பாட்டி சண்டைக்கு வருவார். அழுது கால் உதைக்கும் குழந்தையால் முள் ஆடும். அது நிற்கும்வரை காத்திருந்து, கண்ணை முள்ளுக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் நூறு இருநூறு கிராம் மாறும். பிறகு பெண் குழந்தைக்கு ஒரு வளர்ச்சி அட்டை, ஆண் குழந்தைக்கு வேறொன்று. அதில் வயதை மாதக் கணக்கில் கண்டுபிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். அம்மா "ஆடி வந்தா ரெண்டு முடியும்" என்பார். அந்த ஆடியை வைத்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்த்து, கோடு படுத்துவிட்டதைக் கண்டு, அந்த அம்மா மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். "பிள்ளைக்குச் சோறு போடறதில்லையா?" என்று கேட்டுவிட்டால் அடுத்த மாதம் அவர் வரவே மாட்டார். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதும் பாடம்தான். அரை மணிநேரப் படவிளக்கத்தில் இதெல்லாம் வராது.

எடைக்கே இவ்வளவு என்றால், பேச்சு வராத நாலு வயதுப் பையனைக் கவனிப்பது, காது கேட்கவில்லையா கூச்சமா என்று பிரித்தறிவது, இருபது பேருக்குக் கதை சொல்லும்போது கடிக்கிற ஒருத்தியை அடிக்காமல் சமாளிப்பது? தமிழ்நாட்டுக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் அது வகுப்பாகிவிடாது.

மூன்று மாதமாக இருந்த பயிற்சி பின்னால் எப்படியெல்லாம் சுருங்கியது என்பது தனிக் கதை. பணியில் சேர்கிறவருக்கு 26 வேலைநாள், புத்தாக்கப் பயிற்சி 5 நாள், உதவியாளருக்கு 8 நாள் என்றெல்லாம் விதி வந்தது. 2018-இல் போஷண் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்து இயக்கம் வந்ததையொட்டி 21 பாடத் தொகுதிகளைச் சிறிது சிறிதாகச் சொல்லித்தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய பயிற்சி மையங்களுக்கான தொடர்நிதி நின்று, பல இடங்களில் மையங்களே மூடப்பட்டன. டில்லியில் படித்தவர் சென்னையில் சொல்வார், சென்னையில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்வார், அங்கிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து பணியாளர். மேலே குடமாக ஊற்றியது கீழே வரும்போது உள்ளங்கை நனையும் அளவுதான். 2023 மே மாதம் 'போஷண் பீ, படாயீ பீ' தொடங்கியது. ஊட்டச்சத்தோடு கல்வியும் என்ற நோக்கம் நல்லது. அதில் பணியாளருக்குக் கிடைத்தது மூன்று நாள் பயிற்சி. தேசியக் கல்விக் கொள்கை 2020, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம் என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்கும் மூன்று நாளுக்கும் நடுவில் காணாமல் போனது பணம்தான். கொள்கை வேறொன்றையும் சொல்கிறது: இந்தப் படிப்பைத் தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் நடத்தலாம், வேலைக்கு அதிக இடையூறு வராது என்கிறது. அங்கன்வாடிப் பணியாளரின் செல்பேசியில் 2021 முதல் போஷண் டிராக்கர் செயலி உட்கார்ந்திருக்கிறது. அதில் மையத்தின் விவரங்களைப் பதிவேற்றி முடிப்பதற்குள் அவர்களுக்கு இரவு எத்தனை மணியாகிறது என்று கொள்கை எழுதியவர்கள் முன்வரிசையைக் கேட்டிருக்கலாம்.

இப்படிப்பட்ட பயிற்சி வகுப்புகளில் பேசுவதற்கு நானும் போயிருக்கிறேன். வட்டார அலுவலகத்து மாடிக் கூடம். மின்விசிறிச் சத்தத்தில் ஒலிபெருக்கி கேட்காது. பதினோரு மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய் ஆயாவுக்குப் போன் செய்வார்கள். "பருப்பு வெந்துருச்சா? முட்டை உரிச்சாச்சா? அந்தச் சின்னவன் தூங்கிட்டானா?" உடம்பு இங்கே, மனசு மையத்திலே. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. டீச்சர் பயிற்சிக்கு வந்துவிட்டால் மையத்தில் இருப்பது உதவியாளர் ஒருவர்தான். சமையல், கழிப்பறை, இருபது குழந்தை எல்லாம் அவர் தலையில். மாற்று ஆளுக்கு எந்தத் தலைப்பிலும் பணம் கிடையாது. பயிற்சிக்கென்று செலவு எழுதும்போது கூடத்து வாடகை, சாப்பாட்டுப் பொட்டலம், கோப்பு, பேனா எல்லாம் வந்துவிடும். அந்த மூன்று நாள் குழந்தைகளைப் பார்க்கிறவரின் கூலி வராது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பருவப் பள்ளியைப் பற்றி எல்லாப் பொருளாதார மேடையிலும் கேட்டிருப்பீர்கள். மொத்தம் 123 குழந்தைகள், அவர்களில் 58 பேருக்கு முன்பருவக் கல்வி. நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வருமானம், வேலை, குற்றம் குறைவது என்று எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது. குழந்தைப் பருவத்தில் போடும் ஒரு டாலர் பல டாலராகத் திரும்பும் என்று நம் ஊர் அறிக்கைகளிலும் இதைக் காட்டுகிறார்கள். அங்கே பாடம் நடத்தியவர்கள் முறையாகச் சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர்கள். ஐந்தாறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போனார்கள். பலனை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்துவிட்டு, அந்த ஆசிரியர்களைத் தயாரித்த செலவைச் சுங்கத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதுவும் நம் மாநிலத்திலிருந்தே வருகிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். பெரிய படிப்போ நீண்ட பயிற்சியோ இல்லாத உள்ளூர்ப் பெண்கள். பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் குறைந்தார்கள். அப்படியானால் பயிற்சி எதற்கு, ஆள் போட்டால் போதாதா என்று கேட்கலாம். கேட்கிறார்கள்.

நான் அந்த ஆய்வை மதிக்கிறேன். அதில் எனக்குத் தெரிவது வேறு. பழைய பணியாளருக்கு நேரம் இல்லாமல் இருந்தது. பதிவேடு, உணவு, வீடு வீடாகப் போவது, கூட்டம் எல்லாம் போகப் பாடத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். புதியவர் வந்ததும் அந்த நேரம் கிடைத்தது. பழையவர் ஊட்டச்சத்து வேலையை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. நேரம் இல்லாதவருக்குக் கொடுக்கும் பயிற்சி வீண் என்பதை இந்த ஆய்வு சொல்கிறது. அதை நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது ஆள் வந்த பிறகு அவர் என்ன செய்யப் போகிறார்? "அ ஆ" எழுத வைத்து ஸ்லேட்டைக் காட்டச் சொன்னால் பெற்றோர் மகிழ்வார்கள், தனியார் மழலையர் பள்ளி போலவே இருக்கிறது என்பார்கள். குழந்தை விளையாட்டில் கற்பதை அவர்களுக்குப் புரிய வைக்கத் தைரியமும் அறிவும் வேண்டும். அது பயிற்சியில்தான் வரும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது அவர்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். பெரிய வகுப்புக்குப் படித்தவர்களைச் சின்னக் குழந்தையிடம் அனுப்பியதைத் தரக்குறைவாக நினைத்தார்கள். பிறகு 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லித்தருவது தனிப் படிப்பு என்று நாம் ஒருநாளும் ஏற்காததன் விலை இது. தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் விதிகளில் முன்பருவக் கல்விக்கென்று இரண்டாண்டுப் பட்டயம் இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது. ஊருக்கு ஊர் நடப்பது தனியார் மழலையர் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்தான். பெண்கள் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். வேலை கிடைப்பது தனியார் பள்ளியில், கட்டணத்தை மீட்கவே காலம் பிடிக்கும் சம்பளத்துக்கு.

செலவைப் பார்ப்போம். அங்கன்வாடிகளுக்கான சக்ஷம் அங்கன்வாடி - போஷண் 2.0 திட்டத்துக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது 21,960 கோடி ரூபாய். அதில் பயிற்சிக்கு எவ்வளவு என்று எளிதாகக் கண்ணில் படும்படி எழுதியிருக்காது. உணவுச் செலவில் மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி, மற்றவற்றில் பெரும்பாலும் 60-க்கு 40. தமிழ்நாட்டில் 54,439 மையங்கள். ஒரு பேச்சுக்கு, பணியாளர் ஒருவரின் பயிற்சிக்கு 10,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாள் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆளுக்கு நாளுக்கு 400 வீதம் 10,400. கூட்டினால் 20,400. எல்லா மையத்துக்கும் சேர்த்து 111 கோடி. ஐந்து ஆண்டில் ஒரு சுற்று முடிக்கலாம் என்றால் ஆண்டுக்கு 22 கோடி. இது என் கணக்கு. அதிகாரிகள் இதை இரட்டிப்பாக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரட்டித்தால்கூட மாநில பட்ஜெட்டில் அது பெரிய தொகையில்லை.

பெரிய தொகை வேறிடத்தில் வரும். படித்து முடித்தவருக்கு ஊதியம் கூட்ட வேண்டும். மத்திய அரசு பணியாளருக்குத் தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரிலிருந்து மாதம் 4,500 ரூபாய். தமிழ்நாடு இதைவிட நன்றாகச் செய்கிறது: சேர்ந்து ஓராண்டு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், பிறகு 7,700 முதல் 24,200 வரை சிறப்புக் காலமுறை ஊதியம். ஆனால் ஆறு மாதச் சான்றிதழ் முடித்தவரும் முடிக்காதவரும் அதே ஏணியில் அதே படியில்தான். பள்ளி ஆசிரியர் மேற்படிப்பு முடித்தால் ஊக்க ஊதியம் கொடுத்த மாநிலம் இது. தகுதியோடு பணத்தை இணைத்த நாடுகள் உண்டு. நியூசிலாந்தில் 2002-இல் பத்தாண்டுத் திட்டம் போட்டு, தகுதி பெற்ற ஆசிரியர் எத்தனை சதவீதம் இருக்கிறார்களோ அதற்கேற்ப மையங்களுக்கு மானியத்தை உயர்த்தினார்கள். தகுதி பெற்றவர்கள் வேகமாகப் பெருகினார்கள். 2010 பட்ஜெட்டில் புதிய அரசு உச்ச மானியத்தை எடுத்துவிட்டது. நூறு சதவீதம் தகுதி பெற்ற ஆசிரியர்களை வைத்திருந்த மையங்களுக்கும் எண்பது சதவீதத்துக்கான பணமே கிடைத்தது. மறுபடி நூறுக்கான விகிதம் திரும்ப 2021 ஆனது. பயிற்சிச் செலவைப் பாதுகாக்கும் விதி இல்லையென்றால் ஆட்சி மாறும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-இல் தொடங்கிய டீச் உதவித்தொகையில், குழந்தைப் பராமரிப்பு வேலையில் இருப்பவர் கல்லூரிக்குப் போக அரசுப் பணம், படிக்கப் போகும் நேரத்துக்குச் சம்பளம், முடித்தால் ஊதிய உயர்வு, பதிலுக்குக் கொஞ்ச காலம் அதே மையத்தில் வேலை. நம்மால் செய்ய முடியாத அளவு அதில் எதுவும் இல்லை. இடத்துக்கும் பஞ்சமில்லை: மாணவர் சேர்க்கை இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஆசிரியர் பயிற்சிக் கட்டடங்கள் நம் மாவட்டங்களில் இருக்கின்றன.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. சம்பளத்துக்காகச் சங்கங்கள் வீதிக்கு வந்தன, வழக்காடின, கொஞ்சமாவது கிடைத்தது. எனக்குத் தெரிந்து பயிற்சிக்காக ஒரு சங்கமும் மறியல் செய்ததில்லை. குற்றம் சொல்லவில்லை, வயிறு முதலில்தான். ஆனால் யாரும் கேட்காததை எந்த நிதி அமைச்சரும் தானாகக் கொடுத்ததில்லை.

ஆகவே சங்கத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்துக்கு அடுத்த வரியில் இதை எழுதுங்கள்: பயிற்சிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, பயிற்சி நாளில் மையத்துக்கு மாற்று ஆள், முடித்தவருக்கு ஊதியப் படி. மாணவர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சிக்கு வந்த பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, எத்தனை பேர் எத்தனை நாள் படித்தார்கள் என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.